வீட்டு ஆமைக்குக் கால்சியம்: சிவப்புக் காது ஆமை வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை கொளத்தூரில் தொடங்கி சின்ன ஊர் வரைக்கும் வண்ண மீன் கடைகளில் விற்கப்படும் பச்சை நிறக் குட்டி ஆமையை எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். அதுதான் சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிதான் அதன் சொந்த ஊர். வாங்கும்போது நான்கு சென்டிமீட்டர் இருக்கும். ஒழுங்காக வளர்த்தால் பெண் ஆமை 25 சென்டிமீட்டரைத் தாண்டும், இருபது முப்பது வருடம் உங்களோடு இருக்கும்.

ஒழுங்காக வளர்ப்பதில் பெரும்பாலான வீடுகள் கோட்டைவிடுவது கால்சியத்தில்தான். ஆமையின் ஓடு வெளியிலிருந்து போர்த்திய கவசம் இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து விரிந்த எலும்புதான் அது. மேலே நகம் போன்ற தகடுகள் மூடியிருக்கின்றன. ஆக, குட்டி வளர்கிறது என்றால் அதன் உடம்பில் பாதி எலும்புக் கட்டுமானம் நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கடைக்காரர் கையில் கொடுத்தனுப்பிய காய்ந்த இறால் டப்பாவை மட்டும் நம்பி, டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்து வளர்த்தால், சில மாதங்களிலேயே ஓடு மெத்தென்று ஆகிவிடும்.

உடனே எல்லோரும் கேட்பது, "எந்தக் கால்சியம் பவுடர் வாங்கலாம்?" என்பதுதான். பவுடர் கடைசி விஷயம். முதலில் வெயில், அடுத்து சாப்பாடு, பிறகு கடல் நுரை எனும் கணவாய் ஓடு, அதற்கு அப்புறம்தான் பவுடர். இந்த வரிசையிலேயே போவோம்.

தொடங்கும் முன்: உங்களிடம் இருப்பது எந்த ஆமை?

நட்சத்திர ஆமை, பாலாமை, காராமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று கைக்கு வந்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கீழே சொல்வதெல்லாம் சிவப்புக் காது ஆமைக்கு. வளர்க்க முடியவில்லை என்று அதைக் குளத்திலோ ஏரியிலோ கோயில் தெப்பத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகம் முழுக்க உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொண்டிருக்கும் இனம் இது.

கால்சியம் உடம்பில் சேருவதற்கு என்ன வேண்டும்?

மூன்று விஷயம் சேர்ந்து நடக்க வேண்டும்.

ஒன்று, சாப்பாட்டில் கால்சியம் இருக்க வேண்டும். இரண்டு, பாஸ்பரஸைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றால் நல்லது. பாஸ்பரஸ் கூடினால் கால்சியம் குடலில் சரியாகச் சேராது. மூன்றாவது, வைட்டமின் டி3. குடலிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ள இது வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டு, உடம்பும் சூடானால்தான் ஆமை டி3யைத் தயாரிக்கும்.

இதில் எது குறைந்தாலும் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். தசை இயங்கவும் இதயம் துடிக்கவும் ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும் என்பதால், உடம்பு தன் எலும்பைக் கரைத்து அதை எடுத்துக்கொள்ளும். ஓடு மெத்தென்று ஆவது இதனால்தான். வெயிலே படாத ஆமைக்கு எவ்வளவு பவுடர் போட்டாலும் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடும்.

முதல் படி: வெயில்

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். குளிர் நாட்டில் ஆமை வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்து விளக்கு மாட்டி வாங்கும் கதிர், நம் மொட்டை மாடியில் இலவசமாக விழுகிறது.

விடிந்ததும் வரும் இளம் வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. தரையில் விழும் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அந்தக் கதிர் போதுமான அளவு கிடைக்கும். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் அது ஏறக்குறைய காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கும்; மார்கழி வாக்கில் பத்து மணியைத் தாண்டும். ஒன்பதரை மணி வாக்கில் இருபது முதல் முப்பது நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் கிடைத்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் பத்து பதினைந்து நிமிடம் போதும்.

வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். அகலமான டப்பில் ஓடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு செங்கலோ ஓட்டுத் துண்டோ வைத்து, அதன்மேல் ஏறி உடம்பைக் காய வைக்க வழி செய்யுங்கள். டப்பின் பாதியை அட்டையால் மூடி நிழல் கொடுங்கள். இந்த நிழல் கட்டாயம். சின்ன பிளாஸ்டிக் டப்பில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரமே ஆமை தாங்காத அளவுக்குச் சூடாகிவிடும். ஆமைக்கு வியர்க்காது, ஓடிப்போய் ஒதுங்கவும் இடமில்லை. வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோய் இறந்த ஆமைகள் நிறைய. விரலை விட்டு அவ்வப்போது தண்ணீரைப் பாருங்கள். மேலே கம்பி வலை போடுங்கள், காக்கையும் பூனையும் குட்டியை விட்டுவைக்காது. வலை வழியாகக் கதிர் உள்ளே வரும்.

கண்ணாடி வழியாக வராது. ஜன்னல் ஓரம் தொட்டியை வைத்துவிட்டு, "தினமும் வெயில் படுகிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். சூடு மட்டும்தான் உள்ளே வரும்.

மாடியோ பால்கனியோ இல்லாத வீடு என்றால் விளக்குதான் வழி. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் யுவிபி (புற ஊதா பி) விளக்கைக் கேளுங்கள், உறையில் 5.0 அல்லது 10.0 என்று போட்டிருக்கும். ஆமை ஏறி உட்காரும் மேடைக்கு மேலே, உறையில் சொல்லியிருக்கும் தூரத்தில் மாட்டுங்கள்; பெரும்பாலும் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரும். இடையில் கண்ணாடி மூடி இருக்கக்கூடாது. பகலில் பத்து பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் மெல்லக் குறைந்துகொண்டே வரும் என்பதால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மீன் தொட்டிக் கடையில் "யுவி லைட்" என்று கேட்டால், பாசியையும் கிருமியையும் கொல்லும் விளக்கைக் கொடுத்துவிடுவார்கள். அது யுவிசி, அதாவது புற ஊதா சி கதிர். அதை ஆமைக்கு நேராக எரியவிட்டால் கண்ணும் தோலும் வெந்துபோகும், உங்கள் கண்ணுக்கும் ஆபத்து. தொட்டியின் சாதாரண எல்இடி விளக்கிலோ, குண்டு பல்பிலோ புற ஊதா பி கதிர் கிடையாது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஆமைக்குச் செரிமானமே மந்தமாகிவிடும், தின்றது உடம்பில் சேராது. தொட்டிக்கு ஹீட்டர் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது படி: சாப்பாட்டைச் சரிசெய்வது

காய்ந்த இறால் ஆமைக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அது ஒரு நொறுக்குத் தீனி. வாரத்துக்கு ஒரு முறை நான்கைந்து போடலாம். தினசரிச் சாப்பாடு நல்ல ஆமைத் தீவன உருண்டையாக இருக்கட்டும். அதில் கால்சியமும் டி3யும் ஓரளவு சேர்த்தே செய்திருப்பார்கள். ஆமையின் தலை அளவுக்கு எவ்வளவு உருண்டை வருமோ, அதுதான் ஒரு வேளை அளவு. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.

எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும் கொடுத்து வளர்ப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும், கால்சியமோ பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். தேவைக்கு நேர் எதிரான கணக்கு. கறியை மட்டுமே தின்று வளரும் குட்டி கொழுகொழுவென்றுதான் இருக்கும், எலும்பு மட்டும் தேறாது.

கறிக்குப் பதிலாக முள்ளோடு சின்ன மீன் கொடுங்கள். நெத்திலி அருமையானது. முள்ளும் தலையுமாக முழுசாகத் தின்றுவிடுவதால் கால்சியமும் சேர்ந்தே போகும். பச்சை நெத்திலியில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. உப்பில்லாமல் ஒரு கொதி விட்டு எடுத்தால் அது செயலிழந்துவிடும். நெத்திலிக் கருவாடு வேண்டாம், உப்பு தாங்காது.

குட்டியாக இருக்கும்வரை கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வளர வளர இலைதழை பக்கம் சாயும். பெரிய ஆமையின் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இலையாக இருப்பதுதான் நல்லது. இதிலும் நமக்கு அதிர்ஷ்டம். முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அகத்தியில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். ஒரே கீரையாகப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். பசலை, தண்டுக்கீரை, சிறுகீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் சேரவிடாது. அதனால் எப்போதாவது ஒருமுறை என்றால் போதும்.

சோறு, இட்லி, பிரெட், பால் எதுவும் வேண்டாம். பாலில் கால்சியம் இருக்கிறதே என்பார்கள். பாலைச் செரிக்கும் குடல் ஆமைக்கு இல்லை.

மூன்றாவது படி: கடல் நுரை

இப்போது தனியாகக் கொடுக்கும் கால்சியத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது கடல் நுரைதான். கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு அது, பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நாட்டு மருந்துக் கடையிலும் லவ் பேர்ட்ஸ் விற்கும் கடையிலும் கிடைக்கும். மீனவக் கிராமம் பக்கத்தில் இருந்தால் கரையிலேயே பொறுக்கலாம்.

வாங்கியதை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, உப்பையும் மீன் வாடையையும் போக்குங்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். அதில் ஒரு பக்கம் வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். மறுபக்கம் கண்ணாடித் தகடு போலக் கடினமாக, ஓரம் கூராக இருக்கும். அந்தக் கடினமான பக்கத்தைக் கத்தியால் நெம்பிப் பெயர்த்து எறிந்துவிடுங்கள். விழுங்கினால் வாயையும் குடலையும் கிழிக்கும். மென்மையான பக்கத்தைக் குட்டிக்கு ஒரு ரூபாய் நாணய அளவிலும், பெரியதற்கு அதன் தலை அளவிலும் உடைத்து, ஒரு துண்டை மிதக்கவிடுங்கள்.

சில ஆமைகள் போட்ட அன்றே பாய்ந்து கடிக்கும். கறுக் கறுக்கென்று சத்தம் வெளியே கேட்கும், வெள்ளைத் தூள் தண்ணீரில் மேகம் போலப் பரவும். சில ஆமைகள் ஒரு வாரம் மூக்கால் தள்ளி விளையாடிவிட்டு அப்புறம்தான் வாய் வைக்கும். தொடாவிட்டால் காய்ந்த இறால் ஊறிய தண்ணீரில் துண்டை நனைத்துப் போட்டுப் பாருங்கள். கடிக்கக் கடிக்க அலகு தேய்வது கூடுதல் லாபம். வழுவழுப்பாகிப் பாசி பிடித்தால் எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள். எப்போதும் ஒரு துண்டு தொட்டியில் இருக்கட்டும்.

கடைகளில் ஆமை வடிவில் வெள்ளைக் கட்டியாக விற்பதில் பல, ஜிப்சம் கட்டிகள். தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். கரைந்த தண்ணீரில் ஆமை நீந்துவது, கால்சியம் சாப்பிட்டதாகாது.

நான்காவது படி: தூளும் ஜெல்லியும்

கடல் நுரையைத் தொடவே தொடாத ஆமைக்கும், வேகமாக வளரும் குட்டிக்கும் தூள் வேண்டும். கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள்: கால்சியம் கார்பனேட்டாக இருக்க வேண்டும், பாஸ்பரஸ் சேர்த்திருக்கக்கூடாது. தவறாமல் வெயில் காட்டுகிறவர்கள் டி3 இல்லாததையே வாங்குங்கள்.

வீட்டிலும் செய்யலாம். முட்டை ஓடுகளைக் கழுவி, உள்சவ்வை உரித்து, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து மிக்ஸியில் அடியுங்கள். மெல்லிய துணியில் சலித்து, மைதா போல விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் கிடைக்கும்.

தரையில் வாழும் ஆமைக்குக் கீரைமேல் தூவினால் வேலை முடிந்தது. தண்ணீர் ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும். தூவிய தூள் வாய்க்குப் போவதற்குள் கலைந்து அடியில் படிந்துவிடும். அவசரத்துக்கு ஒரு வழி: தீவன உருண்டைகளை ஒரு கரண்டி தண்ணீரில் லேசாக ஊறவிட்டு, ஒரு சிட்டிகை தூள் போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துக் கொடுப்பது. பாதியாவது உள்ளே போகும்.

ஜெல்லிதான் சரியான வழி. வேகவைத்த முழு நெத்திலி 100 கிராம், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு துண்டு பரங்கிக்காய், 1 கிராம் கால்சியம் கார்பனேட் தூள். எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் மைய அரையுங்கள். 200 மில்லி தண்ணீரில் 3 கிராம் அகர் அகர் பொடியைக் கொதிக்க வைத்துக் கரைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் அரைத்ததோடு கலந்து தட்டில் ஊற்றுங்கள். உறைந்ததும் சிறு சதுரங்களாக வெட்டி, ஒரு வாரத்துக்கானதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலும் மற்றதை ஃப்ரீசரிலும் வையுங்கள். ஜெலட்டின் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீரே முப்பது டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் ஜெலட்டின் கரைந்துவிடும். அகர் அகர் அசையாது.

அந்த 1 கிராம் எங்கிருந்து வந்தது? 100 கிராம் மாமிசத்தில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் என்றால், இரண்டு மடங்குக்கு 400 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் கால்சியம். ஆக 1 கிராம். நெத்திலி முள்ளில் இருப்பது கூடுதல். ஸ்பூன் கணக்கு தூளின் நைசைப் பொறுத்து மாறும். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

தூளோ ஜெல்லியோ, ஓடு பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் குட்டிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் இரண்டு நாள். முழுதாக வளர்ந்த ஆண் ஆமை நல்ல தீவனமும் கடல் நுரையும் தின்றால் ஒரு நாளே போதும்.

பெண் ஆமை தனி. ஆண் துணை இல்லாவிட்டாலும் வளர்ந்த பெண் முட்டையிடும், ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, நிலைகொள்ளாமல் சுற்றிவந்து, பின்னங்காலால் தோண்டுவது போலச் செய்தால் முட்டை இருக்கிறது என்று பொருள். அந்தக் காலத்தில் வாரம் நான்கு நாள் கொடுங்கள், ஈரமணல் நிரப்பிய ஒரு டப்பும் வையுங்கள். கால்சியம் குறைந்தால் கருப்பை சுருங்கத் தெம்பில்லாமல் முட்டை உள்ளேயே தங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்து.

இவற்றைக் கொடுக்கவே கூடாது

வெற்றிலைச் சுண்ணாம்பு. "அதுவும் கால்சியம்தானே" என்று தொட்டியில் போடச் சொல்பவர்கள் உண்டு. அது கடுமையான காரம். வாய், கண், தோல் எல்லாவற்றையும் பொசுக்கும். சாக்பீஸ் வேண்டாம். மாட்டுக்கும் நாய்க்கும் விற்கும் கால்சியம் சிரப்பில் பாஸ்பரஸும் டி3யும் சேர்ந்திருக்கும், அதுவும் வேண்டாம். கோழித் தீவனக் கடையின் கிளிஞ்சல் துண்டுகள் கூரானவை.

நாம் சாப்பிடும் கால்சியம் மாத்திரை பலவற்றில் டி3 உண்டு. கால்சியம் கொஞ்சம் கூடினால் மலச்சிக்கலோடு போகும். டி3 கூடினால் உடம்பிலேயே தங்கி, ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படிய வைத்துவிடும். மருத்துவர் அளவு சொல்லாமல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒரு முறை சோதனை

ஆமையைத் தூக்கி, ஓட்டின் பின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பிறந்து சில வாரமே ஆன குட்டியின் ஓடு கொஞ்சம் வளையும், அது இயல்பு. ஒரு வயதை நெருங்கும் ஆமையின் ஓடு விரலுக்கு அசையவே கூடாது. ஓரம் மேல்நோக்கி மடங்குவது, முதுகு கோணுவது, அலகு வளைந்து நீள்வது, நடக்கும்போது அடி ஓட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது, கால் நடுங்குவது, இவையெல்லாம் கால்சியம் குறைந்ததற்கான அடையாளங்கள். எடையையும் சமையல் தராசில் போட்டுக் குறித்து வையுங்கள்.

ஓட்டின் மேல்தகடு மெல்லிய கண்ணாடிக் காகிதம் போல உரிவது நோயல்ல, வளர்ச்சி. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் ஓட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் உப்புப் படிவு. கண் வீங்கி மூடிக்கொண்டால் அது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவோ, அழுக்குத் தண்ணீரால் வந்த தொற்றோ; கால்சியத்தைக் கூட்டுவதால் சரியாகாது.

எப்போது மருத்துவரிடம்?

ஓடு மெத்தென்று இருந்து, அதோடு சாப்பிடாமலும் இருந்தால், அல்லது கால் நடுங்கினால், காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் வாய்வழியாகக் கொடுப்பது பற்றாது. எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் கால்சியம் ஊசி போட வேண்டியிருக்கும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துவிட்டுப் போகலாம். தண்ணீர் இல்லாமல், ஈரத் துணி விரித்த, காற்றுப் போகும் டப்பாவில் எடுத்துப் போங்கள். எலும்பு மென்மையாக இருக்கும்போது கால் எளிதில் முறிந்துவிடும், அதனால் காலைப் பிடித்து இழுக்காமல் ஓட்டின் இருபக்கமும் பிடித்துத் தூக்குங்கள். என்ன தீவனம், எவ்வளவு வெயில், என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். தீவன டப்பாவையும் பவுடர் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.